சார்புடையார் கண்ட உண்மை

இலங்கையின் கீழ்க்கரையிலே, மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருந்தெரு பெரியநீலாவணையைக் கடந்து மருதமுனையை அடைகிறது. அதன்பின் பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாய், எல்லை தெரியாவண்ணம் தொடர்கின்றன. கிழக்கே கடல், மேற்கே நெல்வயல். மருதமுனை கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற முஸ்லிம் ஊர். பாண்டிருப்பிலே திரௌபதை அம்மன் கோயிலும் அதன் தீமிதிப்பு விழாவும் உள. கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளியிலே நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேறுகிறது. காரைதீவு, யாழ்நூல் தந்த விபுலானந்த அடிகள் பிறந்த ஊர். இவ்வழியே செல்லும் ஒருவனுக்கு ஊர் மாறும்போது வழிபாட்டிடம் மாறுவது தெரியும். மொழி மாறுவது தெரியாது.

இக்கரையிலும் இலங்கையின் பிற பகுதிகளிலும் வாழும் முஸ்லிம்களின் முன்னோர் யார்? அரபு நாட்டினரா, தமிழரா? நூறாண்டுகளுக்கு மேலாகக் கேட்கப்பட்டுவரும் வினா இது. இதற்கு விடை கூற முன்வந்தோருள் பலர் வினாவைக் கேட்குமுன்பே விடையை விரும்பி நின்றவர்கள். விரும்பிய விடைக்கு ஏற்பவே சான்று தேடினார்கள். இத்தகையோர் கூற்றிலே உண்மை இருத்தல் கூடுமா? காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது பழமொழி. ஆயின், உண்மையாகவே மஞ்சளாயிருக்கும் பொருளைக் காமாலைக் கண்ணனும் மஞ்சள் என்றே சொல்வான் அல்லவா? அப்பொழுது அவன் சொல்லைத் தள்ளுவதா, கொள்ளுவதா?

இவ்வினாவை வெறும் தருக்க நூற் புதிராக வைத்து ஆராய்வதினும், நம் நாட்டிலே நிகழ்ந்த ஒரு வழக்கை முன்வைத்து ஆராய்வது தெளிவு தரும். அவ்வழக்கின் ஒரு பக்கத்தில் நிற்பவர் பொன்னம்பலம் இராமநாதன். மறுபக்கத்தில் நிற்பவர் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலங்கைச் சட்டநிரூபண சபை மக்கள் வாக்கால் அமைந்ததன்று. தேசாதிபதியே அதன் உறுப்பினரை நியமித்தார். உத்தியோகப் பற்றற்ற உறுப்பினர் அறுவர். மூவர் ஐரோப்பியர்; ஏனைய மூவருள் ஒருவர் சிங்களவர், ஒருவர் தமிழர், ஒருவர் பறங்கியர். தமிழர் பெயரால் அமர்ந்தவரே தமிழ்பேசும் முஸ்லிம்களுக்கும் சேர்த்துப் பேசுவார் என்பது அக்கால ஏற்பாடு. 1879 ஆம் ஆண்டிலே அவ்விடத்துக்கு வந்தவர், பின்னாளில் சேர் பட்டம் பெற்ற இராமநாதன். சேர் ஆர்தர் கோர்டன் தேசாதிபதியாயிருந்த 1880 களில், சபையை விரிவாக்கி முஸ்லிம்களுக்கெனத் தனி உறுப்பினர் ஒருவரை நியமித்தல் வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது.

இந்நிலையிலே இராமநாதன் 1885 இல் சட்டநிரூபண சபையில், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்னும் கருத்தை முன்வைத்தார். 1888 இல் அக்கருத்தை விரித்து, அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையிலே ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையாகப் படித்தார். அவர் காட்டிய சான்றுகள் நான்கு வகைப்பட்டன: சோனகர் வீட்டிலே பேசும் மொழி, அவர்கள் வரலாறு, அவர்கள் வழக்கங்கள், அவர்கள் உடல்தோற்றம். இந்நான்கும் ஒன்றுகூடி, அவர்கள் இஸ்லாத்தைத் தழுவிய தமிழர் என்பதையே நிலைநாட்டுகின்றன என்று அவர் முடித்தார். தென்னிந்தியக் கரையின் காயல்பட்டினத்தோடு அவர்களுக்குள்ள தொடர்பை அவர் சிறப்பாக எடுத்துக்காட்டினார்.

அக்கட்டுரையின் முடிவு ஏற்கப்படுமாயின் தனி உறுப்பினர் தேவையில்லை. தமிழ் உறுப்பினரே போதும். அவ்வுறுப்பினரோ கட்டுரையாசிரியர் தாமே! கட்டுரைக்கும் கதிரைக்கும் உள்ள இத்தொடர்பு யார் கண்ணுக்கும் தப்பக்கூடியதன்று. எனினும் அவர் விரும்பியது நிகழவில்லை. 1889 ஆம் ஆண்டிலே கண்டிச் சிங்களவருக்கு ஒருவரும் முஸ்லிம்களுக்கு ஒருவருமாக இரு புதிய உறுப்பினர் நியமனம் பெற்றனர். முஸ்லிம்கள் பெயரால் எம். சி. அப்துல் ரகுமான் சபைக்கு வந்தார்.

கதிரை கிடைத்தபின்னும் கட்டுரை மறக்கப்படவில்லை. 1907 இல் அப்துல் அஸீஸ் அதற்கு விரிவான மறுப்பு ஒன்றை எழுதினார். இலங்கைச் சோனகரின் முதல் முன்னோர் அரபு நாட்டினின்றும் வந்த ஹாஷிம் கிளையினர் என்ற மரபுச் செய்தியை அவர் முன்வைத்தார். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அவர்கள் வந்தனர் என்னும் அச்செய்தி, சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரன் என்னும் ஆங்கில நீதியரசர் 1827 இல் எழுதிய குறிப்பிலே இடம்பெற்றிருந்தது. மொழி ஒன்றே இனத்தைத் தீர்மானிக்கும் அளவுகோலாகாது என்றும், அரபு வணிகர் இந்நாட்டுப் பெண்களை மணந்தும் இக்கரையின் வணிகமொழியாக இருந்த தமிழைக் கைக்கொண்டும் வாழ்ந்தமையாலேயே தமிழ் அவர்கள் மொழியாயிற்று என்றும் அஸீஸ் வாதித்தார். இராமநாதனின் ஆராய்ச்சிக்குப் பின்னே நின்ற அரசியல் நோக்கத்தையும் அவர் வெளிப்படையாகச் சுட்டினார்.

அஸீஸ் மட்டும் நோக்கம் அற்றவரா? அல்லர். அவர் இலங்கைச் சோனகர் சங்கத்தின் முன்னணியிலே நின்றவர். தம் சமூகத்தின் தனித்தன்மை மறுக்கப்படுமாயின், அரும்பாடுபட்டுப் பெற்ற தனியுரிமையும் நிலையாது என்பதை அவர் அறிந்திருந்தார். வணிகத்தால் உயர்ந்த கொழும்புச் சோனகருக்கு அரபு முன்னோர் என்பது ஒரு பெருமையாகவும் அமைந்தது. ஆகவே இவ்வழக்கின் இரு தரப்பாரும் வழக்குரைஞரே. நடுவர் எவரும் இலர்.

இனி, இவ்விருவர் கூற்றையும் காலம் எவ்வாறு எடைபோட்டது என்பதைக் காண்போம்.

அரபு, பாரசீக வணிகர் இலங்கைத் துறைமுகங்களிலே நெடுங்காலம் தங்கியிருந்தனர் என்பதிலே ஐயமில்லை. கொழும்பிலே கண்டெடுக்கப்பட்ட அரபு எழுத்துக் கல்லறைச் சாசனம் ஒன்று பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1344 இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, காலியிலே இப்ராகீம் என்னும் கப்பல் தலைவர் தம்மை வரவேற்றதைக் குறிப்பிடுகின்றார். காலியிலே கிடைத்த 1409 ஆம் ஆண்டுக்குரிய சீனக் கடற்படைத் தலைவரின் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழியில் அமைந்தது. அதன் பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகிறது. எனவே, போர்த்துக்கேயர் 1505 இல் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே இங்கு முஸ்லிம் வணிகர் வாழ்ந்தனர் என்று அஸீஸ் கொண்டது மெய்.

ஆயின், இராமநாதன் கொண்டதும் பெரிதும் மெய்யே. இலங்கைச் சோனகரின் தாய்மொழி தமிழ். அவர்களுடைய மணவினை வழக்கங்களிலும் உறவுமுறைகளிலும் தென்னிந்தியச் சாயல் ஆழப் பதிந்துள்ளது. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாபி மத்ஹபினர். காயல்பட்டினத்தாரும் மலையாளக் கரையின் மாப்பிள்ளைமாரும் அவ்வாறே. ஹளரமௌத் முதலிய தென் அரபு நாட்டினரும் அம்மத்ஹபினரே என்பதால், இந்த ஒரு சான்றை இரு தரப்பாரும் தத்தமக்கு உரியதாகக் காட்டல் கூடும். கடல் பிரித்த கரைகளை அக்கடலே இணைத்தும் வைத்தது என்பதற்கு அது சான்றாகும்.

இவ்வாறு நோக்குமிடத்து ஒன்று புலனாகிறது. இராமநாதனின் நோக்கமே அவரை முஸ்லிம்களின் வீட்டு மொழியையும் மண வழக்கத்தையும் கூர்ந்து நோக்கச் செய்தது. நோக்கமற்ற ஒருவன் அவற்றை அத்துணை ஊன்றிப் பார்த்திருக்க மாட்டான். அஸீஸின் நோக்கமே, மொழி வேறு இனம் வேறு என்னும் கருத்தை அவர் துணிந்து வற்புறுத்தக் காரணமாயிற்று. அக்கருத்தை இன்றைய மானிடவியலார் யாவரும் ஏற்பர். ஆகவே, சார்பு சில வேளைகளில் விளக்குப் போல உதவுகின்றது. பிறர் நுழையாத அறைக்குள்ளே அது ஒருவனை அழைத்துச் செல்கின்றது. ஆனால் அவ்விளக்கின் ஒளி ஒரு பக்கமாக மட்டுமே வீசும். தனக்கு வேண்டிய பொருள் தென்பட்டவுடன் அது அணைந்தும் விடும். விரும்பிய விடையைக் கண்டவன் அதற்குமேல் தேடுவதில்லை.

அவ்விளக்கு அணையாமல் இருப்பதற்கு ஒருவன் என் செய்ய வேண்டும் என்பதற்கு, வானநூல் வரலாற்றிலே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கெப்ளர் என்னும் செர்மானிய அறிஞர் ஞாயிறே நடுவில் நிற்கின்றது என்று உறுதியாக நம்பினார். ஞாயிறு இறைவனின் வடிவம். ஆதலால் நடுவிடம் அதற்கே உரியது என்பது அவர் கொண்ட காரணங்களுள் ஒன்று. 1596 இல் அவர் வெளியிட்ட நூலிலே கோள்களின் இடைவெளிகளை ஐந்து ஒழுங்கான கனவடிவங்களுக்குள் அடக்க முயன்றார். அம்முயற்சி தவறு, ஞாயிறு நடுவில் என்பதோ சரி. பக்தியிலே பிறந்த சார்பு ஒன்றில் அவரை மெய்யிலும், மற்றொன்றில் பொய்யிலும் கொண்டு சேர்த்தது. பின்னர் அவர் செவ்வாயின் பாதையை வட்டமாகக் கணித்தபோது, தைக்கோ பிராகே என்பார் அளந்து வைத்த அளவுகளோடு அது எட்டுக் கலை வேறுபட்டது. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கே ஒரு கலை. எட்டுக் கலை என்பது மிகச் சிறு பிழை. அதனைப் பொருட்படுத்தாது விட்டிருக்கலாம். அவர் விடவில்லை, பல்லாண்டு உழைத்த வட்டத்தையே கைவிட்டார். 1609 இல் நீள்வட்டப் பாதையை உலகுக்கு அறிவித்தார். சார்பு அவருக்குத் திசை காட்டியது. உண்மையைத் தந்ததோ, தமக்கு ஒவ்வாத எட்டுக் கலைக்கு அவர் பணிந்த பணிவு.

சோனகர் வழக்கிலே அந்த எட்டுக் கலை எது? அது கொழும்பில் இல்லை. கல்முனைக் கரையிலே இருக்கின்றது.

கீழ்க்கரை மக்களின் வாழ்வை ஒழுங்குபடுத்தும் அமைப்புக்குக் குடி என்று பெயர். ஒவ்வொருவரும் ஒரு குடிக்கு உரியர். அக்குடி தந்தையிடமிருந்து வருவதன்று, தாயிடமிருந்து வருவது. தாயின் குடியே பிள்ளையின் குடி. ஒரே குடியைச் சேர்ந்தோர் உடன்பிறந்தார் போல்வராதலின், தமக்குள் மணஞ்செய்யார். பெற்றோர் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பர். மணமகன் மனைவியின் வீட்டிலே சென்று வாழ்வான். பாண்டிருப்பு, காரைதீவு, திருக்கோவில் ஆகிய ஊர்களின் தமிழரிடமும், கல்முனைக்குடி, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் முஸ்லிம்களிடமும் இம்முறை ஒருங்கே காணப்படுகின்றது. கோயில் நிருவாகத்திலே குடிகளின் சார்பாக வண்ணக்கர் இருப்பது போலப் பள்ளிவாசல் நிருவாகத்திலே குடிகளின் சார்பாக மரைக்கார் இருந்து வந்துள்ளனர்.

மாமன் மகளையும் மாமி மகளையும் மணமுறைக்கு உரியராகக் கொள்வதும், தந்தையின் உடன்பிறந்தான் மகளைச் சகோதரியாகக் கொள்வதும் இரு சமூகத்தார்க்கும் பொதுவான வழக்கம். அரபு நாட்டின் பழைய வழக்கமோ இதற்கு நேர்மாறானது. தந்தையின் உடன்பிறந்தான் மகளை மணப்பதே அங்கு சிறப்பாகக் கருதப்பட்டது. தாயை உம்மா என்று அரபு வழிச் சொல்லால் அழைக்கும் கல்முனைக்குடிச் சிறுவன், தாயின் உடன்பிறந்தானை மாமா என்றும் அவன் மனைவியை மாமி என்றும் அவர்கள் மகனை மச்சான் என்றும் தமிழ் முறையிலேயே அழைக்கின்றான்.

இது கண்ட மாத்திரத்தே இராமநாதனின் கட்சி வென்றது என்று கூறத் தோன்றும். ஆனால் சற்றுப் பொறுத்தல் வேண்டும். இந்தத் தாய்வழிக் குடிமுறை யாழ்ப்பாணத் தமிழரிடம் இல்லை. சமுதாய அமைப்பை அளவுகோலாகக் கொண்டால், கல்முனை முஸ்லிம் தன் அயலூராகிய காரைதீவுத் தமிழனுக்கு மிக நெருங்கியவன். அக்காரைதீவுத் தமிழனோ யாழ்ப்பாணத் தமிழனிலிருந்து பல வகையில் வேறுபட்டவன். தமிழர் என்பது ஒரே வார்ப்பான ஒரு பொருள் என்று கொண்டு, அதற்குள்ளே சோனகரை அடக்க இராமநாதன் முயன்றார். கீழ்க்கரையோ அவ்வார்ப்பிலே தமிழரும் முற்றாக அடங்கார் என்று காட்டுகின்றது.

தாய்வழி முறை நம் கண்ணை மலையாளக் கரைக்குத் திருப்புகின்றது. வட மலையாளத்து மாப்பிள்ளை முஸ்லிம்களிடம் தாய்வழித் தாவழி முறை இருந்தது. மகளுக்கே வீடு என்னும் வழக்கம் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இன்றும் உண்டு. மட்டக்களப்பு முக்குவரின் வாரிசுரிமை வழக்கைப் பற்றிக் கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876 இலேயே நூல் வெளியிட்டிருந்தார். கீழ்க்கரைக் குடிகளின் ஏற்பாட்டை 1215 இல் படையெடுத்து வந்த காலிங்க மாகனோடு மட்டக்களப்பு மான்மியம் தொடர்புபடுத்துகின்றது. முக்குவருக்கும் திமிலருக்கும் நிகழ்ந்த போரிலே முஸ்லிம்கள் முக்குவருக்குத் துணைநின்றனர் என்றும், அதற்குக் கைம்மாறாக முக்குவர் தம் பெண்களை அவர்களுக்கு மணஞ்செய்து கொடுத்தனர் என்றும் ஒரு கதை அக்கரையிலே வழங்குகின்றது. பின்னர், 1626 இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியினின்றும் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுள் ஏறத்தாழ 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியிலே குடியமர்த்தினான் என்று வரலாற்று நூல்கள் கூறும். ஆக, இக்கரையின் முஸ்லிம்கள் ஒரே நாளிலோ ஒரே கப்பலிலோ வந்தவரல்லர். பல கரைகளிலிருந்து பல காலங்களில் வந்தோரும் இங்கேயே வாழ்ந்தோரும் கலந்த மக்கள் அவர்கள்.

அஸீஸின் கட்சியிலும் இக்கரை ஒரு குறையைக் காட்டுகின்றது. அரபு வணிகர் இந்நாட்டுப் பெண்களை மணந்தனர் என்பதை ஒப்புக்கொண்டே அவர் வாதித்தார். ஆயின், அவ்வுண்மை அவர் வாதத்திலே ஒரு விளக்கமாக வந்து போயிற்றேயன்றி, அதன் முழுப்பொருள் ஆராயப்படவில்லை. அப்பெண்கள் யார்? அவர்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்த மொழியும் முறையும் வெறும் இரவற் பொருளா, அன்றி உரிமைப் பொருளா? கொழும்பு வழக்கிலே தந்தையர் எங்கிருந்து வந்தனர் என்பதே பெருவினாவாயிற்று. கல்முனைக் கரையோ தாயைக் கொண்டே குடியைக் கணிக்கும் நாடு. தந்தை அரபியே ஆயினும், அவன் பிள்ளையின் குடியைத் தாயே தருவாள். வழக்காடிய இருவரும் கேளாத வினாவுக்கு, ஒவ்வொரு திருமணப் பேச்சிலும் அக்கரை மக்கள் விடை சொல்லிக்கொண்டிருந்தனர்.

இவ்விடையை எழுத்திலே கொண்டுவர மேலும் பல ஆண்டுகள் சென்றன. 1942 இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்த ஏ. எம். ஏ. அஸீஸ், யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிலே பிறந்த முஸ்லிம். அக்கரையிலே விபுலானந்த அடிகளோடு அவர் கொண்ட நட்பு பலரும் அறிந்தது. பின்னாளில் சாகிராக் கல்லூரி அதிபராக விளங்கிய அவர், முஸ்லிம்கள் தனிச் சமூகம் என்பதிலும் தமிழ் அவர்கள் தாய்மொழி என்பதிலும் ஒருங்கே உறுதியாயிருந்தார். ஒன்றை ஏற்றால் மற்றொன்றை விட வேண்டும் என்று அவர் எண்ணவில்லை. 1969 முதல் அக்கரைப்பற்றிலே தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, தமிழர் முஸ்லிம் இரு சாராரின் குடிமுறையையும் விரிவாக எழுதினார். கல்முனைக்குடியிலே பிறந்த மொழியியல் அறிஞர் எம். ஏ. நுஃமான், முஸ்லிம்களின் தமிழையும் அவர்கள் இன அடையாளம் உருவான வரலாற்றையும் ஆராய்ந்தார். இவர்களுக்கும் விருப்புகள் இருந்திருக்கும். எனினும், தமக்கு முன்னே இருவேறு கட்சியாரும் தேடித் தந்த சான்றுகளை அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு இவர்களுக்குக் கிடைத்தது. இராமநாதன் எழுதாதிருந்தால் அப்துல் அஸீஸ் எழுதியிருக்க மாட்டார். அவ்விருவரும் எழுதாதிருந்தால் பின்வந்தோர் எதனை ஒப்பிடுவர்?

இவ்வழக்கிலிருந்து இரு பிழைகளை அறிந்து விலக்கல் வேண்டும்.

முதற்பிழை, சொன்னவன் நோக்கம் தீது எனக் கண்டவுடன் சொன்ன செய்தியும் பொய் என்று தள்ளுதல். யார் வாயிலாகக் கேட்பினும் பொருளின் மெய்யையே காணவேண்டும் என்று வள்ளுவர் அறிவுடைமைக்கு இலக்கணம் வகுத்தார். இராமநாதனின் நோக்கத்தை அப்துல் அஸீஸ் சரியாகவே கண்டார். ஆனால் அந்நோக்கத்தைக் கண்டதனால் சோனகரின் வீட்டுமொழி தமிழ் என்னும் செய்தி பொய்யாகிவிடவில்லை. கசப்பான ஒருவரிடமிருந்து வந்தமையால், அவ்வுண்மை முஸ்லிம்களுள் பலருக்கு நெடுங்காலம் உண்ணமுடியாத உணவாயிற்று. 1915 ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் கைதான சிங்களத் தலைவர்களுக்காக இராமநாதன் முன்னின்று வாதாடியமை அக்கசப்பை மேலும் வளர்த்தது.

இரண்டாம் பிழை, செய்தி மெய் என்று கண்டவுடன் அதன்மேல் கட்டிய முடிவும் மெய் என்று கொள்ளுதல். சோனகரின் மொழியும் முறையும் தமிழோடு ஒன்றியன என்பது செய்தி. ஆதலால் அவர்களுக்குத் தனிக்குரல் வேண்டா என்பது முடிவு. முன்னது மெய்யாயினும் பின்னது அதிலிருந்து பிறவாது. ஒரு சமூகம் எங்கிருந்து வந்தது என்பது வரலாற்று வினா. அதன் பெயரால் யார் பேசுவது என்பது அச்சமூகமே விடைகூற வேண்டிய வினா. இதுபோன்றே, தனிக்குரல் வேண்டும் என்னும் கோரிக்கை நேர்மையானதாயிருக்கலாம். அதற்காக முன்னோர் யாவரும் அரபியராய் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. இரு தரப்பாரும் இவ்விரு வினாக்களையும் ஒன்றெனக் கொண்டனர். அதனாலேயே உரிமைக்காக வரலாற்றை வளைக்க நேர்ந்தது.

இது பழங்கதையன்று. 1961 இல் அம்பாறை தனி மாவட்டமான பின்பு, இக்கரையின் நிலமும் நிருவாகமும் பற்றிய வழக்குகள் பெருகின. 1980 களிலும் 1990 களிலும், ஒரே குடிமுறையையும் ஒரே மொழியையும் உடைய அயலூரார் ஒருவரையொருவர் அஞ்சி வாழ்ந்தனர். இரு பக்கத்திலும் உயிர்கள் மாண்டன. 2004 ஆம் ஆண்டு திசம்பர் 26 இல் கடல் பொங்கியபோது மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது எனப் பெயர் பாராது அனைத்தையும் அழித்தது. 2019 இல் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துக என்று ஒரு சாரார் உண்ணாவிரதம் இருந்தனர். அதனை எதிர்த்து மற்றொரு சாரார் அறப்போர் இருந்தனர். இத்தகைய வேளைகளிலெல்லாம் வரலாறு மீண்டும் சாட்சிக்கு அழைக்கப்படுகின்றது. யார் முன்னர் வந்தவர், எவர் நிலம் எது என்று தத்தமக்கு வேண்டிய ஏடுகளை மட்டும் புரட்டுவோர் இரு பக்கத்திலும் உளர்.

அவ்வேடுகளை மூடிவிடுக என்று கூறுவது பயனற்றது. நோக்கமின்றி வரலாற்றைத் தேடுவோர் எந்நாட்டிலும் சிலரே. நோக்கமுடையோர் தேடாதிருந்தால் பல செய்திகள் மண்ணோடு மண்ணாகிவிடும். அவர்கள் தேடட்டும். ஆனால் கேட்போர் அவர்களிடம் ஒன்று கேட்டல் வேண்டும்: உம் கட்சிக்கு ஒவ்வாத செய்தி எது? அதனை நீர் கண்டீரா? கண்டு எழுதினீரா? இவ்வினாவுக்கு நேர்விடை கூறுவோன் சார்புடையவனாயினும் அவன் சொல்லுக்குச் செவிசாய்க்கலாம். ஒவ்வாத செய்தி ஒன்றுமே இல்லை என்பான் கூற்றிலே மெய் இருப்பினும், அதனை வேறொருவர் சோதித்துத் தரும்வரை காத்திருத்தலே அறிவு.

சார்பு உண்மையின் வாயில் வரை ஒருவனைக் கொண்டுசென்று விடக்கூடும். உள்ளே செல்ல விரும்புவோன், தான் கொண்டுவந்த விடையை வாயிலிலேயே இறக்கி வைத்தல் வேண்டும். இராமநாதனும் அப்துல் அஸீஸும் இரு வேறு வழியாக அவ்வாயிலை அடைந்தனர். உள்ளே இருந்ததோ, கல்முனைக் கரையிலே தாய் தன் மகளுக்குக் கட்டிக் கொடுத்த வீடு.